சனிக்கிழமை லூப்

ஜாவா படித்த நாட்களில் ஒரே ஒரு வரியோடு எனக்குத் தீராத மனத்தாங்கல் இருந்தது. 'அனிமல் ஏ = நியூ டாக்();' என்ற வரி. இடப்பக்கம் தாய் க்ளாஸின் பெயர், வலப்பக்கம் சேய் க்ளாஸின் ஆப்ஜெக்ட். நாயை உருவாக்கிவிட்டு அதை எதற்கு விலங்கு என்ற மாறியில் போட்டு வைக்க வேண்டும்? நாய் என்ற மாறியிலேயே போட்டால் குரைக்கவும் சொல்லலாம், வாலாட்டவும் சொல்லலாம். விலங்கு மாறியில் போட்ட பிறகு வாலாட்டச் சொன்னால் கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. கையில் இருப்பதைக் குறைத்துக்கொள்ள ஒரு வசதி, அதற்கு அப்காஸ்டிங் என்று ஒரு பெயர், அதைப் பற்றி ஒரு ஐந்து மார்க் கேள்வி!

சென்டரில் பாடம் எடுத்த சாரிடம் கேட்டேன். "அதுதாம்மா பாலிமார்ஃபிசம். இன்டர்வியூல கண்டிப்பாக் கேப்பாங்க, எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். அவர் சொன்னபடியே கேட்டார்கள். ஓவர்லோடிங்குக்கும் ஓவர்ரைடிங்குக்கும் என்ன வித்தியாசம் என்றார்கள். பத்து வரி ப்ரோக்ராமைக் காகிதத்தில் நீட்டி அவுட்புட் என்ன என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகவே சொன்னேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், ஏன் அப்படி நடக்க வேண்டும் என்பதுதான் தெரியாது. யாரும் ஏன் என்று கேட்காததால் வேலை கிடைத்துவிட்டது.

கிடைத்தது திருப்பூரில். பனியன் கம்பெனிகளுக்குச் சம்பள சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்ன ஆபீஸ். அந்த ஊர்க் கணக்கைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே தொழிலாளிக்குச் சம்பள நாள் சனிக்கிழமை. ஓவர்லாக், பேட்லாக் மிஷினில் உட்காரும் டெய்லர்களில் நிறையப் பேருக்குப் பீஸ் ரேட். கை வைத்தால் இவ்வளவு, பட்டி வைத்தால் இவ்வளவு என்று வேலைக்கு வேலை ரேட் மாறும். செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்களுக்கு ஷிப்ட் கணக்கு. 8 மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேலே 4 மணி நேரம் இழுத்தால் ஒன்றரை ஷிப்ட். ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும் மாதச் சம்பளம். வாங்கிய முன்பணம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தமெல்லாம் இதற்கு மேல் வந்து உட்காரும்.

என் கைக்கு வந்த ப்ரோக்ராமில் இது முழுவதும் இஃப்-எல்ஸ் ஏணியாக இருந்தது. ஆள் டெய்லர் என்றால் பீஸைப் பெருக்கு. இல்லை, ஷிப்ட் ஆள் என்றால் ஷிப்டைப் பெருக்கு. அதுவும் இல்லை, ஸ்டாஃப் என்றால் மாதத் தொகையை எடு. அது ஒழுங்காகவே ஓடியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புத்தகங்களில் இந்த ஏணியைத் தீண்டத்தகாததுபோல எழுதுவார்கள். எனக்கு அதன்மேல் அப்போதும் பிரியம் இருந்தது, இப்போதும் உண்டு. மேலிருந்து கீழே படித்தால் கம்பெனியின் சம்பள முறை முழுவதும் ஒரே பக்கத்தில் தெரியும்.

சிக்கல், ஏணி ஒன்றே ஒன்று இல்லை என்பதில் இருந்தது. சம்பளக் கணக்கில் ஒன்று, ஸ்லிப் அச்சடிக்கும் இடத்தில் ஒன்று, போனஸ் கணக்கில் ஒன்று, முதலாளிக்குப் போகும் வாராந்திரச் சுருக்கத்தில் ஒன்று. ஒரு கம்பெனியில் வாரக்கூலி என்று புது வகை ஆட்களைச் சேர்த்தார்கள். பீஸும் கிடையாது, ஷிப்டும் கிடையாது, வாரத்துக்கு இவ்வளவு என்று பேசிய தொகை. நான் ஒவ்வொரு ஏணியாகத் தேடிப் போய் ஒரு படி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் மூத்தவரை எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஃபாக்ஸ்ப்ரோவில் தொடங்கி, சி++ வழியாக ஜாவாவுக்கு வந்தவர். அந்த ஏணிகளைக் கட்டியவரும் அவர்தான். பின்னால் வந்து நின்று ஸ்கிரீனைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இந்த லூப்பு சனிக்கெழமை என்ன பண்ணோணும்?"

"எல்லாருக்கும் சம்பளம் கணக்குப் போடணும்ண்ணா."

"ஆளு டெய்லரா, செக்கிங்கான்னு அதுக்கு எதுக்குத் தெரியோணும்?"

"தெரியாம எப்படிண்ணா கணக்குப் போடும்?"

"அது கணக்கே போட வேண்டாங்கறேன். அந்தந்த ஆளுகிட்ட உன்ற சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாப் போதும். போடற கணக்க அவங்கவங்க போடட்டும்."

அவர் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். தொழிலாளி என்று ஒரு தாய் க்ளாஸ், அதில் வாரச்சம்பளம் என்று ஒரு மெத்தட். டெய்லர், ஷிப்ட்ஆள், ஸ்டாஃப், வாரக்கூலி என்று சேய் க்ளாஸ்கள். ஒவ்வொன்றும் வாரச்சம்பளத்தைத் தன் முறைப்படி ஓவர்ரைடு செய்துகொள்ளும். லூப்புக்குள் ஒரே வரிதான் மிஞ்சியது: 'மொத்தம் += த.வாரச்சம்பளம்();'. அந்த 'த' யார்? தொழிலாளி. அவ்வளவுதான் லூப்புக்குத் தெரியும்.

(க்ளாஸ் பெயர்களை இங்கே தமிழில் எழுதுவது வாசகருக்கான சலுகை என்று நினைக்க வேண்டாம். பெயர்களில் யூனிகோடு எழுத்துகளை ஜாவா ஏற்றுக்கொள்ளும். தொழிலாளி என்று தமிழிலேயே க்ளாஸுக்குப் பெயர் வைத்தால் கம்பைலர் முகம் சுளிக்காது. க்ளாஸ், நியூ மாதிரியான கட்டளைச் சொற்கள்தான் ஆங்கிலத்தில் இருந்தாக வேண்டும். எங்கள் ஆபீஸில் எல்லாமே ஆங்கிலத்தில்தான் வைத்தோம், அது வேறு கதை.)

லூப் சுற்றும் பட்டியல் தொழிலாளிகளின் பட்டியல். ஒரு டெய்லர் ஆப்ஜெக்ட் அதற்குள் நுழையும் அந்த இடத்தில், எனக்குப் பிடிக்காமல் போன அந்த வரி சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. டெய்லர், தொழிலாளியாக அப்காஸ்ட் ஆகித்தான் பட்டியலில் சேர்கிறார். அதுவரை என் கேள்வி ஆப்ஜெக்டை உருவாக்குகிறவளின் கேள்வியாக இருந்தது: என்னிடம் முழு நாய் இருக்கும்போது எதற்குப் பாதி விலங்கு? உருவாக்குகிறவளுக்கு அதில் ஒரு லாபமும் இல்லைதான். லாபமெல்லாம் வாங்கிக்கொள்கிறவருக்கு. லூப் தெரிந்துகொள்ள வேண்டியது குறைந்துவிட்டது. இனிமேல் யார் புதிதாக வந்தாலும் அதற்குக் கவலையில்லை. வாரக்கூலிக்கு ஒரு புது ஃபைல் எழுதினேன், லூப் இருக்கும் ஃபைலைத் திறக்கவே இல்லை. மறுபடி கம்பைல் செய்யக்கூட வேண்டியிருக்கவில்லை. முன்பே கம்பைல் ஆகிக் கிடந்த பழைய வரி, நான் புதிதாக எழுதிய வரியைக் கூப்பிட்டது. அன்று எனக்கு உண்டான வியப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை என்றே சொல்வேன்.

ஆனால் அது எப்படிக் கூப்பிடுகிறது? எனக்கு இயந்திரத்தைத் திறந்து பார்க்காமல் எதுவும் மண்டையில் ஏறாது. ஜாவாவோடு ஜாவா-பி என்று ஒரு கருவி வரும். கம்பைல் ஆன ஃபைலுக்குள் இருக்கும் பைட்கோடை வாசித்துக் காட்டும். லூப்பை அதில் போட்டுப் பார்த்தேன். 'இன்வோக்-வர்ச்சுவல்' என்று ஒரு கட்டளை, பக்கத்தில் 'தொழிலாளி.வாரச்சம்பளம்'. டெய்லர் என்ற பெயரே அங்கே இல்லை. அப்காஸ்டிங் நடக்கும் வரியையும் பார்த்தேன். ஆப்ஜெக்டை உருவாக்குகிறது, மாறியில் வைக்கிறது, அவ்வளவுதான். மாற்றுவதற்கென்று ஒரு கட்டளைகூடக் கிடையாது. எதிர்த்திசையில், தொழிலாளியைத் திரும்ப டெய்லராக்கும் டவுன்காஸ்டிங்கில் மட்டும் 'செக்-காஸ்ட்' என்று ஒரு கட்டளை இருந்தது. அதுவும் ஆப்ஜெக்டில் கை வைப்பதில்லை. இவர் நிஜமாகவே டெய்லர்தானா என்று பார்க்கிறது. இல்லையென்றால் க்ளாஸ்-காஸ்ட் எக்ஸெப்ஷனைத் தூக்கி எறிகிறது.

என் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அங்கே பிடிபட்டது. எண்களுக்கும் இதே மாதிரி அடைப்புக்குறி போட்டுத்தான் காஸ்ட் செய்கிறோம். 5.7 என்ற எண்ணை முழு எண்ணாகக் காஸ்ட் செய்தால் 5 ஆகிவிடும், தசமம் தொலைந்தது தொலைந்ததுதான். அதைப் பார்த்துப் பழகிய கண், டெய்லரைத் தொழிலாளியாக்கும்போதும் ஏதோ வெட்டுப்படுகிறது என்று எடுத்துக்கொண்டது. வெட்டுப்படுவதில்லை. டெய்லர் தைத்த பீஸ் கணக்கு ஆப்ஜெக்டுக்குள் அப்படியே இருக்கிறது, இந்த மாறி வழியாக அதைக் கேட்க அனுமதி இல்லை, அவ்வளவுதான்.

ஆக இரண்டு பேர் இரண்டு வேளைகளில் இரண்டு முடிவுகளை எடுக்கிறார்கள். கம்பைல் நேரத்தில் கம்பைலர் மாறியின் வகையைப் பார்க்கிறது. தொழிலாளியில் வாரச்சம்பளம் என்று ஒரு மெத்தட் இருக்கிறதா? இருந்தால் அதன் பெயரையும் அது வாங்கும் மதிப்புகளின் வகைகளையும் குறித்துக்கொள்ளும், இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடும். ஓடும் நேரத்தில், ப்ரோக்ராமை ஓட்டுகிற ஜே.வி.எம். மாறியின் வகையைச் சட்டை செய்வதே இல்லை, ஆப்ஜெக்டைப் பார்க்கிறது. கேட்கலாமா என்பது முன்னதன் பொறுப்பு, யார் பதில் சொல்வது என்பது பின்னதன் பொறுப்பு. இன்டர்வியூவில் நீட்டும் அத்தனை அவுட்புட் புதிர்களும் இந்த இரண்டு வேளைகளையும் குழப்பிவிடுவதில்தான் பிழைப்பு நடத்துகின்றன. ஓவர்லோடிங் கம்பைலரின் முடிவு. ஃபீல்டுகளும் ஸ்டாட்டிக் மெத்தட்களும் அப்படியே. சேயில் அதே பெயரில் ஒன்றை வைத்தால் தாயுடையது மறையும், மாறாது. ஓவர்ரைடிங் மட்டும்தான் ஆப்ஜெக்டின் கையில்.

ஓடும் நேரத்தில் ஜே.வி.எம். எப்படித் தேடுகிறது என்பதற்கு வழக்கமான ஏற்பாடு ஓர் அட்டவணை. சி++ கம்பைலர்களும் பெரும்பாலும் இதையே செய்கின்றன. க்ளாஸுக்கு ஓர் அட்டவணை. அதில் ஒவ்வொரு மெத்தடுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் அந்த மெத்தட் எங்கே கிடக்கிறது என்ற முகவரி. சேய் க்ளாஸின் அட்டவணை, தாயின் அட்டவணையை நகல் எடுத்துத் தொடங்கும். ஓவர்ரைடு செய்தால் அந்தக் கட்டத்தில் மட்டும் முகவரி மாறும், செய்யாவிட்டால் தாயின் முகவரியே இருக்கும். கட்டத்தின் வரிசை எண் இரண்டிலும் ஒன்றே. அதனால் 'மூன்றாவது கட்டத்தில் இருப்பதைக் கூப்பிடு' என்று சொன்னால் போதும், ஆள் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. இன்ஹெரிட்டன்ஸுக்கு ஒரு பாடம், ஓவர்ரைடிங்குக்கு ஒரு பாடம் என்று தனித்தனியாகப் படித்த இரண்டும், மாற்றாத கட்டம், மாற்றிய கட்டம் என்று ஒரே தாளில் வந்து உட்கார்ந்தன.

அண்ணன் சி++ காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். அங்கே தொழிலாளிகளின் பட்டியலில் டெய்லரை நேரடி மதிப்பாகப் போட்டால் நிஜமாகவே வெட்டுப்படுமாம். தொழிலாளி அளவுக்கு உள்ள பகுதி மட்டும் நகலாகிப் பட்டியலில் சேரும். பீஸ் கணக்கு வெளியே விழுந்துவிடும், அட்டவணையும் தாயுடையதாகிவிடும். ஸ்லைசிங் என்பார்கள். பாயின்டராகவோ ரெஃபரன்ஸாகவோ வைத்தால்தான் தப்பிக்கலாம். ஜாவாவில் ஆப்ஜெக்ட் மாறி எப்போதுமே ரெஃபரன்ஸ் என்பதால் இந்த வம்பு இல்லை. என் பழைய பயம் முழுக்க ஆதாரமற்றதாக இருக்கவில்லை என்று ஒரு சின்ன திருப்தி.

பல காலம் கழித்து, இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர்கள் எந்த இடத்திலிருந்து தொடங்கினார்கள் என்று தேடிப் படித்தேன். ஆஸ்லோவில் நார்வே கணிப்பு மையத்தில் வேலை பார்த்த ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலகில் நடப்பவற்றைக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பதற்கான மொழி. அதன் சிமுலா 67 பதிப்பில்தான் க்ளாஸ், சேய் க்ளாஸ், சேய் ஓவர்ரைடு செய்யக்கூடிய வர்ச்சுவல் மெத்தட் மூன்றும் சேர்ந்து வந்தன. அந்த வரலாற்றை அவர்களே 1978-ல் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த உதாரணம் ஒரு பாலத்துச் சுங்கச்சாவடி. லாரிகளும் பஸ்களும் வரிசையில் நிற்கின்றன. லாரி வேறு, பஸ் வேறு. ஆனால் வரிசைக்கு வேண்டியதெல்லாம் முன்னால் யார், பின்னால் யார் என்ற கண்ணி மட்டும். 'லிங்க்' என்று கண்ணிக்கு ஒரு க்ளாஸ் எழுதி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் அதை முன்னொட்டாகச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. டோனி ஹோர் அதற்கு முன்பே ரெக்கார்டு க்ளாஸ்களைப் பற்றி எழுதியிருந்தது அவர்களுக்குத் தூண்டுதல்.

படித்தபோது சென்டர் சாரை நினைத்துக்கொண்டேன். பாடத்திட்டத்தில் முதலில் இன்ஹெரிட்டன்ஸ் வரும், எழுதியதைத் திரும்ப எழுதாமல் தப்பிக்கும் வழியாக. அடுத்து ஓவர்ரைடிங். கடைசியில், நேரம் இருந்தால், அப்காஸ்டிங். சிமுலாவில் தேவை பிறந்தது கடைசிப் பாடத்திலிருந்து. வரிசையில் நிற்பது யார் என்று தெரியாமலே அதை நடத்த வேண்டும், அதற்காகத்தான் பொதுவான தாய். நாயும் விலங்கும் சொல்லித்தர முடியாதது இதைத்தான். அந்த உதாரணத்தில் வரிசையும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை, விலங்கிடம் எதையாவது கேட்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் அப்காஸ்டிங் வீண் வேலையாகத்தான் தெரியும்.

சிமுலாவைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியவர் பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரூப். பிறகு பெல் லேப்ஸில் 1979-ல் சி மொழிக்கு க்ளாஸ்களைச் சேர்க்கத் தொடங்கினார். அந்த முதல் வடிவத்தில் இன்ஹெரிட்டன்ஸ் இருந்தது, வர்ச்சுவல் மெத்தட் இல்லை. 1983-ல்தான் அது வந்தது, சி++ என்ற பெயரும் அதை ஒட்டித்தான். இன்றும் சி++-இல் வர்ச்சுவல் என்று எழுதாவிட்டால் ஓவர்ரைடிங் கிடையாது, தாய் வகை மாறி வழியாகக் கூப்பிட்டால் தாயின் மெத்தடே ஓடும். பயன்படுத்தாத வசதிக்கு விலை கொடுக்கக் கூடாது என்பது அந்த மொழியின் கொள்கை. ஜாவா தலைகீழ், நீங்களாகத் தடுக்காதவரை சாதாரண மெத்தட் எல்லாமே ஓவர்ரைடு ஆகும். சி ஷார்ப் மறுபடி சி++ பக்கம் சாய்ந்தது. கோட்லினில் 'ஓப்பன்' என்று திறந்துவிடாவிட்டால் க்ளாஸையே நீட்டிக்க முடியாது. இத்தனை மொழிகள் இத்தனை தரம் மனம் மாறுகின்றன என்றால் விஷயம் அவ்வளவு எளிதில்லை என்று அர்த்தம். அதை எங்கள் ஆபீஸும் சீக்கிரமே கண்டுகொண்டது.

ஒரு வாரம் ஷிப்ட் ஆட்கள் எல்லோருக்கும் ஸ்லிப்பில் பூஜ்யம் வந்தது. தாயில் ஒரு மெத்தடுக்குப் போகும் எண்ணை இன்ட்டிலிருந்து லாங்காக யாரோ மாற்றியிருந்தார்கள், சேயில் மாற்றவில்லை. இரண்டும் ஒரே பெயர். ஆனால் வாங்கும் வகை வேறாகிவிட்டதால் அது ஓவர்ரைடிங்காக இல்லாமல் வெறும் ஓவர்லோடிங்காக இறங்கிவிட்டது. கம்பைலருக்கு இதில் தப்பே தெரியவில்லை. தாயின் மெத்தட் ஓடி, பூஜ்யத்தைக் கொடுத்தது. 2004-ல் வந்த ஜாவா 5, சேய் மெத்தடின் தலையில் 'அட் ஓவர்ரைடு' என்று எழுதும் வசதியைக் கொடுத்திருந்தது. எழுதிவிட்டால், நிஜமாக எதையும் ஓவர்ரைடு செய்யவில்லை என்கிறபோது கம்பைலரே கத்தும். அதுவரை அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தோம்.

இன்னொன்று இதைவிட விசித்திரம். ஸ்லிப்பில் பிரிவு என்ற இடத்தில் 'ஓவர்லாக்' என்று வர வேண்டியதற்குப் பதில் 'நல்' என்று வந்தது. தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஒரு மெத்தடைக் கூப்பிடுகிறது, சேய் அதை ஓவர்ரைடு செய்திருக்கிறது. ஜே.வி.எம். தன் நேர்மை மாறாமல் சேயின் மெத்தடையே ஓட்டுகிறது. ஆனால் தாயின் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதானே சேயின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு ஏறும்? இன்னும் பிறந்து முடியாத ஆளிடம் பேர் கேட்டதுபோல ஆகிவிட்டது. சி++ இந்த இடத்தில் சேயிடம் போகாது, தாயின் மெத்தடையே ஓட்டும். எது சரி என்று அண்ணனும் நானும் டீக்கடையில் வெகுநேரம் வாதிட்டோம். கன்ஸ்ட்ரக்டரிலிருந்து ஓவர்ரைடு ஆகக்கூடிய எதையும் கூப்பிடாதே என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு.

இவையெல்லாம் பழகினால் தவிர்க்கக்கூடியவை. பழகியும் கஷ்டப்படுத்தியது காண்ட்ராக்ட் ஆட்கள்தான். ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டர் ஒருவர் தன் ஆட்களோடு வந்து வேலை செய்வார். கம்பெனி மொத்தத் தொகையை அவரிடம் கொடுக்கும், அவர் பிரித்துக்கொடுப்பார். அந்த ஆட்களுக்கு வருகைப் பதிவு வேண்டும், சம்பளக் கணக்கு வேண்டாம். வருகைப் பதிவு தொழிலாளி க்ளாஸில் இருந்ததால், காண்ட்ராக்ட் ஆளையும் அதன் சேயாக எழுதியிருந்தார்கள். வாரச்சம்பளம் மெத்தடில், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டாய் என்று ஒரு எக்ஸெப்ஷன். சனிக்கிழமை சாயங்காலம், வெளியே ஆட்கள் சம்பளத்துக்கு நிற்கும்போது, லூப் பாதியில் நின்றது.

எக்ஸெப்ஷனை எடுத்துவிட்டுப் பூஜ்யம் கொடுத்துப் பார்த்தோம். பூஜ்யச் சம்பளத்துக்கு ஸ்லிப் அச்சானது, ஆள் கணக்கில் தலை கூடியது. அதுவும் பொய்தான். திருப்பூரில் யாரைக் கேட்டாலும் காண்ட்ராக்ட் ஆளும் ஒரு தொழிலாளிதான் என்பார்கள், வேர்வை ஒன்றுதானே. ஆனால் ப்ரோக்ராமில் தொழிலாளி என்றால், வாரச்சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு தொகையைச் சொல்கிறவர். அந்த வாக்கை நம்பித்தான் லூப் ஆள் யாரென்று பார்க்காமல் கேட்கிறது. எம்.ஐ.டி.யின் பார்பரா லிஸ்கோவ் 1987-ல் ஒரு மாநாட்டு உரையில் தொட்டதும், 1994-ல் ஜெனட் விங்கோடு சேர்ந்து விரிவாக எழுதியதும் இந்த விஷயம்தான்: தாயை நம்பி எழுதிய ப்ரோக்ராமில் சேயைக் கொண்டுவந்து நிறுத்தினால், தாயிடம் எதிர்பார்த்தது எதுவும் பொய்யாகக் கூடாது. சதுரம் செவ்வகத்தின் ஒரு வகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அகலத்தை மட்டும் மாற்றும் மெத்தட் ஒன்று செவ்வகத்தில் இருந்துவிட்டால், சதுரம் அதற்குச் சேயாக இருக்கத் தோதுப்படாது. ஜாவா நூலகத்திலேயே ஸ்டாக் என்ற க்ளாஸ் வெக்டரின் சேய். மேலே மட்டும் வைத்து மேலே மட்டும் எடுக்க வேண்டிய அடுக்கில், வெக்டரிடமிருந்து வந்த மெத்தடால் நடுவிலும் ஒன்றைச் செருகலாம். எடுத்து எறிய முடியாமல் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

கடைசியில் வருகைப் பதிவுக்கு ஓர் இன்டர்ஃபேஸ், சம்பளத்துக்கு ஓர் இன்டர்ஃபேஸ் என்று பிரித்தோம். சனிக்கிழமை லூப்பின் பட்டியலில் சம்பளத்துக்கு உரியவர்கள் மட்டும் நின்றார்கள். காண்ட்ராக்ட் ஆளை அதில் சேர்க்கப் பார்த்தால் கம்பைலர் அப்காஸ்டிங்குக்கே ஒத்துக்கொள்ளாது.

அதற்குப் பிறகு 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்று தட்டும்போதெல்லாம் என் விரல் ஒரு நொடி தயங்கும். ஜோஷுவா ப்ளாக்கின் எஃபெக்டிவ் ஜாவா அந்தத் தயக்கத்தைக் கெட்டிப்படுத்தியது. ஹேஷ்-செட்டை நீட்டித்து, சேர்க்கப்பட்ட பொருட்களை எண்ணும் க்ளாஸ் ஒன்றை அதில் காட்டுகிறார். ஒன்றைச் சேர்க்கும் மெத்தடையும் மொத்தமாகச் சேர்க்கும் மெத்தடையும் ஓவர்ரைடு செய்து, இரண்டிலும் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறது. 3 பொருட்களை மொத்தமாகச் சேர்த்தால் எண்ணிக்கை 6 என்கிறது. தாயின் மொத்தச் சேர்ப்பு உள்ளுக்குள் ஒற்றைச் சேர்ப்பைத்தான் கூப்பிடுகிறது, அந்த அழைப்பும் ஓவர்ரைடு ஆன சேயிடமே வந்து சேர்கிறது. தாயின் உள்வேலை தெரியாமல் சேயை எழுத முடியாது. தெரிந்து எழுதினாலும், அடுத்த பதிப்பில் தாய் மாறினால் போச்சு. லூப்புக்கு ஆள் யாரென்று தெரியாமல் இருப்பது பலம். தாய்க்கும் சேய்க்கும் நடுவில் அதே தெரியாமை பள்ளம். இன்டர்ஃபேஸை எடுத்துக்கொள்வேன், ஓவர்ரைடிங்கை விடமாட்டேன், தாயின் கோடை இரவல் வாங்குவதற்காக மட்டும் இன்ஹெரிட்டன்ஸ் பக்கம் போகமாட்டேன் என்று இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகம் 1994-லேயே ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. ஆனால் காண்ட்ராக்ட் ஆள் கற்றுக்கொடுக்காமல் எனக்கு ஏறியிருக்காது.

சமீபத்தில் ஒரு வேடிக்கை. இப்போது நான் பார்க்கும் சம்பள சாஃப்ட்வேரில் ஆள் வகைகள் பல காலமாக மாறவே இல்லை, அறிக்கைகள்தான் பெருகுகின்றன. பி.எஃப்.க்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று, பையருக்காகச் சோதனைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு புது அறிக்கைக்கும் எல்லா க்ளாஸையும் திறந்து ஒரு புது மெத்தட் எழுத வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஏணி ஏணியாகத் தேடிப் போனதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வகைகள் பெருகினால் ஓவர்ரைடிங் சுகம், வேலைகள் பெருகினால் ஏணி சுகம்; இரண்டும் சேர்ந்து பெருகினால் தலைவலி. பிலிப் வாட்லர் 1998-ல் இந்தத் தலைவலிக்கு எக்ஸ்பிரஷன் ப்ராப்ளம் என்று பெயர் வைத்தார். ஜாவா 17-இல் சீல்டு க்ளாஸ் நிலைபெற்றது: இந்தத் தாய்க்கு இந்தச் சேய்கள்தான், வேறு யாரும் வர முடியாது என்று பூட்டு போடலாம். 2023-ல் வந்த ஜாவா 21-இல், ஸ்விட்ச்சிலேயே ஆப்ஜெக்டின் வகையைப் பார்த்துப் பிரிக்கலாம். பூட்டிய குடும்பம் என்பதால் எந்தச் சேயாவது விட்டுப்போனால் கம்பைலரே பிடித்துவிடும். வாரச்சம்பளத்தை ஓவர்ரைடிங்கிலேயே விட்டுவிட்டு, அறிக்கைகளை மட்டும் ஸ்விட்ச்சுக்கு மாற்றினேன்.

அண்ணனுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். "அப்ப நான் கட்டுன ஏணியத்தான் திருப்பி நிறுத்தியிருக்கே" என்று சிரித்தார்.

"உங்க ஏணியில ஒரு படி விட்டுப்போனா யாரும் சொல்லமாட்டாங்கண்ணா. இது சொல்லும்."

"டீஃபால்ட் போட்டயா?"

"போடலைண்ணா."

"போட்டறாத. போட்டா அப்பறம் அதும் வாய மூடிக்கும்."